முகம் பார்த்துத் திருகியவர்

மாநாட்டு மண்டபத்தின் சவுண்ட் ஆபரேட்டருக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது. ஸ்பீக்கரில் லேசாக உறுமல் கேட்டால் போதும், எந்த லைனில் எர்த் சரியில்லை என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவார். அது கனத்த சத்தம். மெல்லிய கீச்சுச் சத்தங்கள் அவருக்குக் கேட்காமல் போய் வருடக்கணக்காகிறது. காலமெல்லாம் ஸ்பீக்கர் பக்கத்தில் கிடந்த காதில் அதுதான் முதலில் போகும்.

வெளியூரில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்த மகள் ஃபோனில் கெஞ்சினாள். “மிஷின் மாட்டிக்கோங்கப்பா.”

“மாட்டிக்கிட்டு மிக்ஸர் முன்னாடி உக்காந்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருவாங்கம்மா. சவுண்டுக்காரனுக்குக் காது மிஷினா? ஊரே சிரிப்பாச் சிரிச்சிரும்.”

அவருக்கு வேறு வழி இருந்தது. முன்வரிசை முகங்களைப் பார்ப்பார். யாராவது புருவத்தைச் சுருக்கினால் மைக் கீச்சிடுகிறது என்று அர்த்தம். முகம் தெளியும்வரை, கீச்சொலிக்கான ட்ரெபிள் குமிழைத் திருகிக் குறைப்பார். இது மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் பெருமை தாங்காமல் தன் தம்பியிடம் சொல்லிவிட்டாள்.

அந்தத் தம்பிக்கு மண்டபத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவரே ஆபரேட்டர்தான். ஒயர் சுருட்டுகிற வேலை. அவனுக்குக் கண்ணெல்லாம் மிக்ஸர் நாற்காலி மேல்.

புது மேனேஜர் வந்ததும் விஷயத்தை அவர் காதில் போட்டான். ஒருநாள் காலை ஊழியர்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். எது கேட்டாலும் மூஞ்சி மாறக்கூடாது என்பது உத்தரவு.

“எல்லா லைனும் திறந்து செக் பண்ணுங்க,” என்றார் மேனேஜர்.

மேடையில் தம்பி தன் ஃபோனை ஒரு லைனில் செருகியிருந்தான். ஊசியாய்க் குத்தும் கீச்சொலி மண்டபம் முழுக்கப் பாய்ந்தது. துப்புரவு செய்கிற அம்மாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. தூக்கக் கலக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் ஆபரேட்டர். மிக்ஸரில் சத்தத்தின் அளவு காட்டும் மீட்டர் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. முகங்களையே பார்த்துப் பழகியவர் குனிந்து அதைப் பார்க்கவில்லை.

“எப்படி இருக்கு?”

“சுத்தமா இருக்கு சார். ஒரு பிசிறு இல்ல.”

“இரைச்சல்?”

“என் மிக்ஸர்லயா? நல்லாக் கேட்டீங்க போங்க!”

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். தன் பேச்சுக்குத்தான் என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

தம்பி ஃபோனைத் தூக்கிக் காட்டினான். “அத்தான், இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கு.”

அவரைப் பின்பக்க முற்றத்துக்கு மாற்றினார்கள். “பெட்டி தூக்கக் காது எதுக்கு?” என்றார் மேனேஜர்.

“இனி மறைக்க என்னப்பா இருக்கு? இப்பவாவது மாட்டிக்கோங்க,” என்றாள் மகள்.

“மாட்டினா அவங்க பண்ணது நியாயம்னு ஆயிரும்.”

அவர் மாட்டவில்லை. மழைக்காலம் முடிவதற்குள், சாமான் ஏற்ற வந்த வேன் பின்னால் நகர்ந்தபோது, சுவரோரம் குனிந்து பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவரை நசுக்கிவிட்டது. ரிவர்ஸ் பீப் அடித்துக்கொண்டுதான் வந்தேன் என்று டிரைவர் சத்தியம் செய்தார். பொய்யில்லை. முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டிருந்தது.

இழவு வீட்டில் தம்பி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். “நானும் அங்கதாம்மா நின்னேன். கத்தலாம்னு வாயத் திறந்தேன். பீப் சத்தம் கேட்டு அவரே ஒதுங்கிருவார்னு நெனச்சிட்டேன்.”

மகள் கையை உருவிக்கொண்டாள்.

“நீங்களா நெனச்சீங்க, மாமா?”