பிரசிடெண்டை இறக்க எட்டுக் கைகள்

எங்கள் வாசலில் இருந்த தெருக்குழாயை ஒரு பௌர்ணமிக்கு முந்தின வாரம் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கிரிவலப் பாதையில் பஞ்சாயத்து பிரசிடெண்டின் மச்சான் புதிதாகப் போட்டிருந்த டீக்கடைக்குப் பக்கத்தில் அதை நட்டார்கள். அடி அண்ணாமலையில், எண்பதுகளின் பிற்பகுதியில் நடந்தது. வாசலில் இருந்து புது இடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி. என் மனைவி தினமும் பத்துக் குடம் எடுப்பாள். போகவர நாலாயிரத்து இருநூற்று நாற்பது தப்படி. அந்த ஆளை நாற்காலியில் இருந்து இறக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

நான் தபால் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பஞ்சாயத்தில் வார்டு மெம்பர். மொத்தம் பன்னிரண்டு மெம்பர்கள். பிரசிடெண்டை இறக்க எட்டுக் கைகள் தூக்க வேண்டும். எட்டுப் பேரிடம் வாக்கு வாங்கிவிட்டேன். என்ன காரணம் எழுதுவது என்பதில்தான் சண்டை.

மெம்பர்களில் ஒருவர் டவுன் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. அவர் சொன்னார்: "புடிக்கலைன்னு எழுதி எறக்க முடியாதுங்க. வேணும்னே கடமையைச் செய்யலைனு காட்டணும்."

"குழாயைப் புடுங்கினாரே?"

"சாமி சுத்த வர்றவங்களுக்குத் தண்ணி வேணும்னுவாரு. பொதுநலம் ஆயிடும்."

வேர்க்கடலை பயிர் வைக்கும் இன்னொரு மெம்பர் எரிந்து விழுந்தார். "இன்னாயா சட்டம்? அந்தாளு மேல நம்பிக்கை இல்ல. எட்டு கை தூக்கினா எறங்கிட்டுப் போறான்."

"அப்போ நாளைக்கு வர்றவனை, உன் மாட்டைப் பட்டியில அடைச்சான்னு எறக்குவியா?"

"எறக்குவேன்!"

நான் குமாஸ்தா பக்கம் நின்றேன். சட்டத்தின் மேல் உள்ள பிரியத்தால் அல்ல. காரணமில்லாமல் இறக்கினால், பொறாமையில் கவிழ்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்து நடப்பார். அவர் குற்றவாளியாகத் தலைகுனிந்து போவதை நான் பார்க்க வேண்டும். தேடி எடுத்தேன்: அறுபது நாளைக்கு ஒரு கூட்டமாவது போட வேண்டும். ஒன்றரை வருஷத்தில் ஒன்பது. ஒன்றுகூட நடக்கவில்லை.

எங்கள் மனுவின் பேரில் தாசில்தார் வந்து, பஞ்சாயத்து ஆபீஸில் உட்கார்ந்து குற்றச்சாட்டைப் படித்தார். பிரசிடெண்ட், கூட்ட நடவடிக்கைகளை எழுதும் மினிட் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"கூட்டமே நடக்கலைன்றீங்க. இது யார் கையெழுத்து சார்?"

என்னுடையது. ஒன்பது இடத்திலும். எங்கள் வழக்கம் அப்படி. பஞ்சாயத்து கிளார்க் சைக்கிளில் புத்தகத்தை வீடு வீடாகக் கொண்டுவருவார். காபி கொடுத்துவிட்டு, காட்டிய இடத்தில் போட்டுவிடுவோம். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தவன் ஒருவனும் இல்லை.

"கடைசி கூட்டத்துல ஆறாவது தீர்மானத்தைக் கொஞ்சம் சத்தமா படிங்க சார்."

படித்தேன். என் வாசல் குழாயை டீக்கடைப் பக்கம் மாற்ற ஏகமனதாகத் தீர்மானம். கீழே முதல் கையெழுத்து நான்.

"தன் குழாயைத் தானே புடுங்கிக்கிட்டாரு டோய்!" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்களில் ஒருவன் கத்தினான்.

நான் எழுந்தேன். "கையெழுத்து என்னுதுதான். கூட்டம் நடக்கலை. ஒம்போது தடவை பொய்யா போட்டேன். பன்னெண்டு பேரும் அப்படித்தான் போட்டோம்."

தாசில்தார் மற்ற பதினோரு பேரையும் பார்த்தார். பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஓட்டெடுப்பில் மூன்று கைகள் எழுந்தன: நான், கடலைக்காரர், கடைசியாக, பாதி மடங்கின குமாஸ்தாவின் கை.

"காரணம் எழுதாதன்னு அப்பவே சொன்னேன்" என்றார் கடலைக்காரர்.

அடுத்த மாதம் சைக்கிள் என் வாசலில் நின்றது. "கூட்டம் போடச் சொல்லு, அங்க வந்து போடறேன்" என்று புத்தகத்தைத் திருப்பி அனுப்பினேன். கூட்டமே நடக்கவில்லை என்று நான் சொன்னது தாசில்தார் காதில் விழுந்த பேச்சு. பிரசிடெண்டுக்கு வேறு வழியில்லை. கூட்டம் நடந்தது. ஒவ்வொரு தீர்மானத்தையும் முழுதாகப் படிக்கச் சொன்னேன், வரிக்கு வரி கேள்வி கேட்டேன். எந்தக் கூட்டமும் இரண்டு மணி நாற்பது நிமிஷத்துக்குக் குறையவில்லை. அவருக்கு மூலம் என்பதும், அது மர நாற்காலி என்பதும் எனக்குத் தெரியும்.

நாலாவது கூட்டத்தில் குழாயைத் திரும்ப எங்கள் தெருவிலேயே வைக்க அவரே தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி, "இனிமேலாவது சீக்கிரம் முடிச்சிக்கலாமா சார்?" என்றார்.

"அந்தத் தீர்மானத்தை இன்னொரு தடவை படிங்க" என்றேன்.

அவர் பதவிக்காலம் முடியும்வரை மொத்தம் பதினேழு கூட்டங்கள். பதினேழுக்கும் போனேன்.