மச்சான் மோதிரம்

கோழியைச் சுத்தம் செய்து அடுப்படியில் கொடுத்துவிட்டுக் குணசீலன் கை கழுவும்போது வாசலில் கார் நின்றது. ஞானமேரி, "சட்டைய மாத்திகினு வா, ஆளுங்க வந்துட்டாங்க" என்றாள்.

எந்த ஆளுங்க என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஞானமேரியின் மகள் ரெனியை அவன் கட்டிக்கொள்ளக் கேட்டது போன மழைக்காலத்தில். மலைமேல் காவலூரில் லோடு வண்டி ஓட்டுகிறவன். தாய் தகப்பன் இல்லை. ரெனியின் அப்பா ஜேம்ஸ் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போய்க்கொண்டிரு, பழகட்டும் என்றார். வந்தான். முன்னறையில் ஜேம்ஸோடு டிவி பார்ப்பான். ரெனி டீ வைத்துவிட்டுக் கதவருகே பாயில் உட்கார்ந்து மொச்சை உரிப்பாள். இரண்டு வார்த்தை பேசுவாள். அதற்காக அவன் கூரைத் தகடு மாற்றினான், விறகு பிளந்தான், பலா மரம் ஏறினான். கல்யாணப் பேச்சை எடுத்தபோது ஈஸ்டர் போகட்டும் என்றார் ஜேம்ஸ். ஈஸ்டர் போனது.

காரில் வந்தவன் மரிய அருண். ஓசூரில் கம்பெனி வேலை. பெண் பார்க்க அம்மாவோடு வந்திருந்தான். குணசீலன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அவனை உட்காரவைத்தார்கள். ரெனி பட்டுச்சேலையில் தட்டோடு வந்தாள். கதவோரம் நின்ற குணசீலனைக் காட்டி, இவர் யார் என்று கேட்டாள் பையனின் அம்மா.

ஜேம்ஸ் வாயைத் திறப்பதற்குள் ரெனி சொன்னாள்.

"எங்க அண்ணன் மாதிரிங்க."

"மாதிரி இன்னா, அண்ணனேதான்" என்றார் ஜேம்ஸ். "ஆம்பளப் புள்ள இல்லாத வூடு. எல்லாத்துக்கும் இவன்தான்."

மரிய அருண் எழுந்து கைகொடுத்தான். "அப்ப மாப்ளைக்கு மோதிரம் நீங்கதான் போடணும், மச்சான்."

பெண்ணின் அண்ணன் போடுவது அது. எல்லாரும் சிரித்தார்கள். குணசீலன் ரெனியைப் பார்த்தான். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அந்தத் தண்ணி சொம்ப எடுங்க."

அதுவரை அவள் அவனை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. எடுத்துக் கொடுத்தான். சம்பந்தம் பேசி முடித்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்களுக்கு அவன்தான் பரிமாறினான். பையனின் அம்மா கோழிக்குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

திங்கட்கிழமை குணசீலன் ஆலங்காயத்தில் சாமை மூட்டைகளை இறக்கினான். பிறகு நகைக்கடைக்குப் போனான். மாப்பிள்ளையின் விரல் அளவு கேட்டார்கள். ஜேம்ஸுக்குப் போன் போட்டான். ரெனி எடுத்தாள். யாரையும் கேட்காமல் இருபது என்றாள். மோதிரத்துக்குச் சொல்லிவிட்டுக் காலி வண்டியோடு மலையேறினான்.