கடிகாரம் பின்னுக்குப் போகும்வரை

சமையலறை அலமாரியைத் திறந்து, வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் அழுத்தமானியை விரல் நகத்தால் தட்டுகிறார் ஆர்னால்ட் மிட்ஜ்லி. முள் அசையவில்லை. "நல்லாத்தான் இருக்கான்" என்று மனைவி பெரிலிடம் அறிவிக்கிறார். பெரில் குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல் முட்டை பொரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டில் நன்றாக இருப்பது பாய்லர் மட்டும்தான்.

கோடை முழுவதும் அதற்குப் பணிவிடை நடக்கும். பாய்லரின் வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் சின்னச் சாவி அவர் கழுத்தில் தொங்குகிறது. அறை அறையாகப் போய்த் திருகி, 'உஸ்' சத்தம் அடங்கி நீர் கசியும்வரை பழந்துணியுடன் மண்டியிட்டுக் காத்திருப்பார். தேவாலயத்தில் அவர் மண்டியிட்டு யாரும் பார்த்ததில்லை. காற்று போனால் அழுத்தம் இறங்கும். உடனே பாய்லருக்கு அடியிலிருக்கும் குழாயைத் திறந்து, முள் பச்சைக்கோட்டைத் தொடும்வரை தண்ணீர் விடுவார். வருடந்தோறும் வரும் மெக்கானிக், "புதுசு மாதிரி வச்சிருக்கீங்களே!" என்பான். அதிகம் பயன்படுத்தாத எதுவும் புதிதாகத்தான் இருக்கும். சிலருடைய மனசாட்சியும் அப்படித்தான்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று, குளிர்கால நேரத்துக்கு மாறுவதற்காக, நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும். அதற்கு முன்னால் வீட்டைச் சூடாக்குவது ஹாலிஃபாக்ஸின் அந்தத் தெருவில் குடிப்பழக்கத்தைவிடக் கேவலம். ஒளிந்து செய்யவும் முடியாது. பாய்லர் எரிந்தால் வெளிச்சுவரில் நீட்டியிருக்கும் குழாய் வெள்ளை ஆவியை ஊதிக் காட்டிக்கொடுத்துவிடும். பாத்திரம் கழுவும் வெந்நீருக்கென்றால் ஆவி சட்டென்று நின்றுவிடும். நிற்காவிட்டால் விஷயம் வேறு. தெருவுக்கு இந்த வித்தியாசம் அத்துப்படி.

அதனால், செப்டம்பரில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பதற்கே ஆர்னால்ட் எதிர்வீட்டு டெரிக்கிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.

"சும்மா சோதனைதான்ப்பா. தப்பா நினைச்சுக்காதே."

"எல்லாரும் அப்படித்தாம்ப்பா ஆரம்பிக்கிறாங்க."

இந்த வருடம் உறைபனி முந்திக்கொண்டது. மகள் ஹெலனும், பிறந்த பின் முதன்முறையாகத் தாத்தா வீட்டுக்கு வந்த பேத்தியும் முந்திக்கொண்டார்கள். கடிகாரம் திரும்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"அப்பா, பாய்லரைப் போடுங்க."

"அடுத்த ஞாயித்துக்கிழமை போட்டுடலாம்மா. அதுவரைக்கும் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ."

"எனக்கில்லப்பா. இவ மூக்கைத் தொட்டுப் பாருங்க. இப்பப் போடலைன்னா நான் மாமியார் வீட்டுக்குக் கிளம்பறேன். அங்க தரைகூடச் சூடா இருக்கும்."

"தரையா?" பெரும் ஒழுக்கக்கேட்டைக் கேள்விப்பட்டவர்போல் ஆர்னால்ட் கேட்டார்.

"நானும் அவகூடவே போறேன்" என்றாள் பெரில். "நீயும் உன் பாய்லரும் குடித்தனம் பண்ணுங்க."

ஆர்னால்ட் குனிந்து பேத்தியின் மூக்கை ஒரு விரலால் தொட்டார். அழுத்தமானியைத் தட்டும் அதே விரல். சட்டென்று எடுத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே டெரிக், ஏற்கெனவே சுத்தமாக இருந்த காரைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹெலன் குழந்தையின் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

ஆர்னால்ட் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினார். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, பெரிய முள்ளை ஒரு முழுச் சுற்று பின்னுக்குத் திருப்பி, மறுபடி மாட்டி, கோணல் இல்லாமல் நேராக்கினார். பிறகுதான் பாய்லர் அலமாரிக்கு நடந்தார்.