கடை திறக்கும் பாட்டு

நேற்று செட்டிகுளம் மலைக்கோயிலில் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது, அந்தப் புகையோடு பெரம்பலூரில் அப்பா வைத்திருந்த கேசட் கடை நினைவுக்கு வந்துவிட்டது. இப்போது அங்கே செல்போன் கடை.

அப்பா தினமும் முருகன் படத்துக்குச் சூடம் காட்டி, வாசல் ஸ்பீக்கரில் ஒரு சாமி பாட்டைப் போட்டுவிட்டுத்தான் வியாபாரம் தொடங்குவார். அந்த முதல் பாட்டு எதுவோ அதைத்தான் சனங்கள் அன்று கேட்டு வாங்குவார்கள். காவடிக்குப் பாடும் ஆறுமுக மாமா, ஒருநாள் தானே பாடிப் பதிந்த கேசட்டைக் கொண்டுவந்து, "நாளைக்கு இதப் போடுங்க மச்சான்" என்றார்.

மறுநாள் போட்டார் அப்பா. மிருதங்கமும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை; கீபோர்டு மட்டும், குழாய்க்குள் காற்று புகுந்தது போலவும் கிணற்றில் சொட்டு விழுவது போலவும் ஏதேதோ ஒலித்துக்கொண்டிருக்க, அதன் நடுவே மாமாவின் குரல் முருகனைக் கூப்பிடும்போதே உடைந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்களோ ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பத்து வயசு, சிலிர்த்ததை மறைக்கத்தான், "மாமா, முருகன் மயில்ல வராரா, மிக்சியில வராரா?" என்று கேட்டுவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "புள்ள சரியாத்தான் கேக்குது" என்று தானே டேப்ரிக்கார்டர் பட்டனை அமுக்கிப் பாட்டை நிறுத்தி, கேசட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அதை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

மாமா காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. மன்னிச்சுக்கப்பா என்று முருகனைக் கும்பிடத்தான் நேற்று கண்ணை மூடினேன்; தெரிந்தது என்னவோ பட்டனை அமுக்கிய அந்த விரல்தான்.