கல்லில் ஏறிய முன்சக்கரம்

அப்போது யுத்த காலம். தூத்துக்குடியில் உப்பள முதலாளி ஒருவரிடம் டிரைவராக இருந்தேன். பிரசவ வலி கண்ட என் மனைவியை அவருடைய பழைய காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் முன்சக்கரம் ஒரு பெரிய கல்லில் ஏறி இறங்கியது. பெண் குழந்தை பிழைத்தது. மனைவி பிழைக்கவில்லை.

காரியம் முடிந்ததும் மாமனாரும் மாமியாரும் குழந்தையை ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொண்டுபோகத் தயாரானார்கள். அவர்களைக் காரிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்படி முதலாளி சொல்லியனுப்பினார். ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நான் வராத நாட்களில் முதலாளியின் தம்பி வண்டியை ஓட்டியிருந்தார். முன் டயர்கள் இரண்டிலும் உள்விளிம்பு மட்டும் அரித்ததுபோல் தேய்ந்திருந்தது. இப்படியே ஓட்டினால் சீக்கிரம் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் தெரிந்துவிடும். வேறு டயர் கிடைக்கிற காலமும் அல்ல.

முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிச் சுழலவிட்டு, டயர்களின் நடுவே சாக்கட்டியால் கோடு போட்டேன். கீழே இறக்கியபின், இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை முன்னாலும் பின்னாலும் அளக்க வேண்டும். முன்னால் ஒரு நூலளவு குறைவாக இருந்தால்தான் வண்டி நேராக ஓடும். அளக்கிற குச்சியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. என்னோடு வந்து ஷெட் வாசலில் நின்ற மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் வயல்காரர். காரை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

முன்னால் அதிகமாக இருந்தது. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கம்பி கல்லில் அடிபட்டு வளைந்திருந்தது. அதைக் கழற்றி, சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, மறுபடி மாட்டினேன். பிறகு கம்பியின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி அளந்தோம். எனக்குத் துக்கமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. குச்சி மட்டுமே கண்ணில் இருந்தது.

"அன்னைக்கு ஏறுன கல்லுலயா மாப்ள இது கோணிச்சு?" என்றார் மாமனார்.

ஆமாம் என்றேன்.

"அப்பம் அவளுக்கு நெனவு இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா. மெதுவாப் போங்கன்னு சொன்னா."

அவர் குச்சியை விடவில்லை. தலையை மட்டும் மட்கார்டில் சாய்த்துக்கொண்டார். நான் நட்டை இறுக்கினேன்.

மத்தியானம் கிளம்பினோம். ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. பின்சீட்டில் மாமியார் மடியில் குழந்தை தூங்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் இலை போட்டார்கள். எனக்கு நல்ல பசி. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். புறப்படும்போது மாமியார் குழந்தையைக் கையில் கொடுத்தார். என் விரலிடுக்கில் கிரீஸ் கறுப்பு போகாமல் இருந்தது. துணியில் ஒட்டிக்கொள்ளும் என்று உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்ததும், வண்டி எப்படிப் போகிறது என்று முதலாளி கேட்டார். நேராகப் போகிறது என்றேன். மறுநாள் காலை அவரைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில் மகளை மாமனாரே பஸ்ஸில் கூட்டிவந்து என்னிடம் விட்டார். அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள். அப்பா என்று சொல்ல அவளுக்குச் சில மாதங்கள் பிடித்தன.