ஒழுகும் சீதனம்

நெளுக்குளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லுவேன்.

சண்டைக்காலத்தில் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்து, சில மாதம் முகாமில் கிடந்த பிறகு எனக்கு ஓர் அரிசி மில்லில் வேலை கிடைத்தது. தங்கச்சி நன்றாகத் தைப்பாள். அப்பாவும் அம்மாவும் முன்னரே காலமாகிவிட்டார்கள். எங்கள் இரண்டு பேரின் உழைப்பை நம்பித்தான் அந்த வீட்டை எடுத்தோம். இரண்டு அறை, ஒரு குசினி, ஓட்டுக் கூரை.

முதல் மாரியிலேயே அந்தக் கூரையின் லட்சணம் தெரிந்துவிட்டது. குசினிக்கு மேலே ஓட்டைத் தாங்கிய வளை மரத்தைக் கறையான் அரித்திருந்தது. தடியால் தட்டினால் மரம் மாவாகக் கொட்டியது. ஓடுகள் சரிந்து, பெய்கிற மழையில் பாதி உள்ளேதான் விழுந்தது. தையல் மெசினை நனையாமல் காப்பாற்ற அதை அறைக்கு அறை இழுத்துக்கொண்டு திரிந்தோம்.

வீட்டுக்காரர் டவுனில் கடை வைத்திருந்தார். அவர் விற்றது என்ன தெரியுமா? ஆணி, தகரம், ஓடு, கூரைக்கான மரம். அந்தக் கடை வாசலில் போய் நின்று கேட்டேன்.

"பாப்பம் பிள்ளை. மாரி முடியட்டும்."

மாரி முடிந்ததும் மறுபடி போனேன்.

"இப்ப மழை இல்லைத்தானே? ஏன் அந்தரப்படுறீர்?"

மூன்றாம் முறை கடையில் ஆட்கள் நின்றார்கள். அவர் என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: "லயத்தில கிடந்த சனத்துக்கு இது மாளிகை. அதிலயும் குறை."

தேயிலைத் தோட்டத்து லயத்தை நான் கண்ணால் கண்டதில்லை. அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து, காடு வெட்டிப் பயிர் செய்த மண்ணில் பிறந்தவள் நான். அவர்கள் சிரித்த சிரிப்பு வீடு வரைக்கும் என் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த மாரியில், ஒரு மத்தியானம், தங்கச்சி சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அந்த வளை முறிந்து விழுந்தது. ஓடுகளும் கூடவே வந்தன. தலையைக் காக்கக் கையைத் தூக்கியிருக்கிறாள். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கோணலாகவே பொருந்தியது. அதன் பிறகு ஊசிக்கு அடியில் துணியைப் பிடித்து நகர்த்த அவளால் முடியவில்லை.

விழுந்த அடுத்த நாள் வீட்டுக்காரர் வந்தார். கட்டுப் போட்ட கையோடு அவள் பாயில் கிடந்தாள். அவர் அவளைத் தாண்டிப் போய்க் குசினியை எட்டிப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எத்தினை ஓடு உடைஞ்சது?"



கிராம அலுவலரான விதானையாரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். "வாடகைக்கு விட்டவர்தான் கூரை, சுவரெல்லாம் திருத்தித் தரவேணும். சட்டம் உங்கட பக்கம்தான். கோடு தீர்ப்புச் சொன்னாலொழிய உங்களை வீட்டை விட்டு எழுப்பவும் ஏலாது" என்றார்.

அதை அப்படியே கடையில் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கட பாஸுக்கு ஆர் பொறுப்பு நிண்டது? நான் கையை எடுத்தனெண்டா ரெண்டு பேரும் திரும்ப முகாமுக்குத்தான். பிறகு சட்டம் கதையும்."

அந்த நாட்களில் எங்களைப் போல வந்தவர்கள் வவுனியாவில் தங்கப் பாஸ் வேண்டும். உள்ளூர் ஆள் ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஆனால் அடுத்த முறை பாஸ் மாற்றும்போது மில் முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, அவரைப் பொறுப்பு நிற்க வைத்தேன். இதை வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. காத்திருந்தேன்.

குசினிக்கு மேல் அவர் பழைய தகரம் இரண்டைப் போட்டுவிட்டிருந்தார். சில மாதம் கழித்துத் திடீரென்று ஆட்கள் வந்து முன்சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். குசினியில் உளுத்த மரங்களும் தகரமும் தெரியாதபடி கீழே சீலிங் அடித்தார்கள். திருத்துவதற்கு இல்லாத பலகை மறைப்பதற்கு வந்துவிட்டது. ஏனென்று அவருடைய மனைவி வந்து சொன்னபோதுதான் விளங்கியது. மகளுக்கு அந்த வீட்டைச் சீதனமாகக் கொடுக்கப் போகிறார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரர் பாக்க வருவினம். கூட்டித் துடைச்சு வையுங்கோ."

கூட்டினேன், துடைத்தேன், நல்ல சேலை உடுத்தேன், தேத்தண்ணிக்குத் தண்ணீரும் வைத்தேன்.

மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் வந்தார்கள். வீட்டுக்காரர் மாமனைக் கூட்டிக்கொண்டு பின்வளவில் எல்லையைக் காட்டப் போனார். தாய் பட்டுச்சேலையோடு குசினி வாசலில் நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோ அம்மா," என்றேன். "வடிவாப் பாருங்கோ."

மூலையில் இருந்த உலக்கையை எடுத்து, மேலே பார்த்து ஓர் இடி இடித்தேன். பலகை பெயர்ந்தது. கறையான் மண்ணும் உளுத்த மரத்தூளும் பொலபொலவென்று கொட்டி, அந்த அம்மாவின் பட்டுச்சேலையிலும் விழுந்தன.

"ஐயோ, இதென்ன?"

"இதுதான் கூரை. தங்கச்சி, இங்க வா. கையைக் காட்டு."

அவள் வந்து கோணிய கையை நீட்டினாள். அந்த அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்.

"அது சின்னத் திருத்தம்... இவை பொய் சொல்லுவினம்..."

"ஐயாட கடையில மரம் நிறைஞ்சு கிடக்குது அம்மா," என்றேன். "இந்த வீட்டுக்குத்தான் ஒண்டும் கிடைக்கேல்லை. சொந்த மகளுக்கும் இதைத்தான் குடுக்கப் போறார்."

அவர்கள் தேத்தண்ணி குடிக்காமல் போனார்கள். மேலிருந்து இன்னும் உதிர்ந்ததில் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியெல்லாம் கறையான் மண். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இன்னும் ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

சம்பந்தம் முறிந்தது. அந்தக் கிழமையே அவர் வாசலில் வந்து நின்று கத்தினார்.

"எழும்புங்கோ! இப்பவே வீட்டை விட்டு எழும்புங்கோ!"

"வழக்குப் போடுங்கோ ஐயா. நீதவானுக்கும் குசினியைக் காட்டுறன்."

"உம்மட பாஸை..."

"பாஸுக்கு இப்ப மில் முதலாளி பொறுப்பு."

அவர் வாசல் படலையை உதைத்துவிட்டுப் போனார்.

அவர் வழக்குப் போடவில்லை. கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. கூரையைத் திருத்தாமல் இனி எந்த மாப்பிள்ளையையும் அந்த வீட்டுக்குக் கூட்டி வர முடியாது. கடைசியில் அவருடைய கடையிலிருந்தே மரமும் ஓடும் வந்து இறங்கின. தச்சர் வேலை செய்த நாளெல்லாம் தங்கச்சி முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மேற்பார்வைக்கு வரும்போது அவள் எழும்பவில்லை. நான்தான் போய், "ஐயா, அந்த மூலையையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ" என்பேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தச்சரிடம் அதையே சொல்லுவார். வேலை முடிந்த பிறகும் நாங்கள் அந்த வீட்டில்தான் இருந்தோம். மகளுக்கு டவுனில் வேறு வீடு கொடுத்து, வேறொரு மாப்பிள்ளைக்குக் கட்டி வைத்தார்கள்.

அதற்கு முன்னர் ஒரு நாள் அந்த மகளைப் பஸ் நிற்கும் இடத்தில் கண்டேன். விலகிப் போவாள் என்று நினைத்தேன். கிட்ட வந்தாள்.

"அந்த மாப்பிள்ளையை எனக்கும் பிடிக்கேல்லை அக்கா. ஆனா நீங்கள் எனக்காகச் செய்யேல்லைத்தானே?"

"இல்லைப் பிள்ளை. உங்கட அப்பாவுக்காகத்தான் செய்தனான்."

அவள் தங்கச்சியின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அந்தக் குடும்பத்தில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"கோணல்தான்," என்றேன். "இடக்கையால கத்தரிக்கோல் பிடிச்சுப் பழகுறாள்."