முதுகில் விழுந்த வெயில்

முதலில் மன்னிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன் நான். கடைக்குச் சாமான் பட்டியல் எழுதுவதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழகவில்லை. நாலு பேர் படிக்கும் இடத்தில் என் எழுத்தை நீட்டக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரின் பின்கண்ணாடியோரம் மடித்து வைத்திருக்கும் பச்சைத் தொழுகை விரிப்பை வியாழக்கிழமை தோறும் தூசி தட்டும்போது இந்த விஷயம் நினைவுக்கு வந்துவிடுகிறது. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கிறேன்.

விரிப்பு என் முதலாளியுடையது. உக்குவளையில் கறுவா, கராம்பு, மிளகு வாங்கி விற்கும் கடை அவருக்கு. எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். தராசில் நிறுப்பதும் கார் ஓட்டுவதும் என் வேலை. கடைசி வருடங்களில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. பின்னறையில் தொழும்போது கறுவா மூட்டை அடுக்கிய சுவரைப் பார்த்து நிற்பார். தொழும்போது முகம் திருப்பும் திசையைக் கிப்லா என்பார்கள்; கோயிலுக்குப் போகிறவனான எனக்குக் கிப்லா என்றால் அந்த மூட்டைகள்தான். அது மேற்குப் பக்கம் என்று மட்டும் தெரியும். இருபத்திரண்டு வருடம் பக்கத்திலேயே இருந்தும் அதற்கு மேல் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் போய் வருவோம் என்றார். "கண்ணு தெரியாம என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்று அவர் மனைவி கேட்டார். "இவன்ட கண்ணு ஈக்குதானே. மலையும் இவனும் ஒன்டு, ரெண்டும் வாய் தொறக்காது. இன்டைக்கு இவனையாவது பேச வெக்கிறேன்" என்றார் ஹாஜியார்.

ரத்தோட்டைக்குப் போகும் வழியில், பழைய சுண்ணாம்புக் கல் பள்ளத்தருகே காரை நிறுத்தச் சொன்னார். வாலிபத்தில் தன் வாப்பாவின் சுண்ணாம்புப் போறணைச் சூளையில் சுடுவதற்கு அங்கிருந்துதான் கல் ஏற்றினாராம். "என்ன தெரியுது, செல்லு" என்றார். இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறை செங்குத்தாக இறங்கியிருந்தது. நடுவில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. "பல்லுப் புடுங்கின வாய் மாதிரி இருக்குங்க" என்றேன். "அப்ப எங்கட வாப்பாதான் பல்லு டொக்டர்" என்று சிரித்தார். பிறகு, அந்தக் கரையில் பெரிய இத்தி மரம் ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "இல்லாட்டி இல்லண்டு செல்ற ஆள் நீ. வீட்ல எல்லாரும் பாவம் பாத்து ஈக்குண்டுதான் செல்லுவாங்க" என்றார்.

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதன் பிறகு வழியெல்லாம் நான்தான் பேசினேன். தேயிலை மலை, கொழுந்துக் கூடைகள், பாறை இடுக்கில் கயிறு மாதிரித் தொங்கிய அருவி, எதையும் விடவில்லை. ஒரு வளைவில் குரங்கு ஒன்று யாருடையதோ சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்ததைக்கூடச் சொன்னேன். என்ன கறி என்று கேட்டார்.

ரிவர்ஸ்டனைத் தாண்டிப் பத்தனைப் புல்வெளிக்கு வந்தபோது பனி மூடிவிட்டது. பத்தடிக்கு அப்பால் புல்லும் தெரியவில்லை. திரும்பும்போது சுகமாக இருக்கட்டும் என்று காரை அங்கேயே திருப்பி நிறுத்தி, டயருக்குக் கல் வைத்தேன். பிற்பகலின் அஸர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. போத்தலில் இருந்த தண்ணீரை ஊற்றினேன். கை, முகம், கால் கழுவினார். "கிப்லா எந்தப் பக்கம்?" என்றார்.

தெரியாது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. காலையிலிருந்து அவருக்குக் கண்ணாக இருந்துவிட்டு, இத்தனை வருடம் அவர் தொழுவதைப் பார்த்துவிட்டு, இதை எப்படித் தெரியாது என்பது? கிழக்கு நோக்கி வந்தோம், ஆகவே காரின் பின்பக்கம் மேற்கு என்று கணக்குப் போட்டேன். தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். "நீ செல்றது சரியா ஈக்கும்" என்று விரிப்பில் ஏறினார்.

அவர் நெற்றியைத் தரையில் வைத்திருந்தபோது பனி கொஞ்சம் விலகியது. சாயங்கால வெயில் அவர் முதுகில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்தபோது அவர் நிழல் அவருக்கு முன்னால் நீண்டு கிடந்தது. காரைத் திருப்பி நிறுத்தியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேர் எதிர்ப் பக்கம் காட்டியிருந்தேன். அவர் முடிக்கும் வரை காத்திருந்து, பிழையாகிவிட்டது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் திரும்பத் தொழுதிருப்பார். நேரமும் இருந்தது. முடித்து, கையேந்தி நெடுநேரம் இருந்துவிட்டு எழுந்தார். "ஒன்ட மகள்ட ஸ்கூல் சோதனைக்கும் துஆ கேட்டேன்" என்றார். நான் குனிந்து விரிப்பை மடித்தேன்.

இறங்கும்போது வழக்கம் போல, "என்ன தெரியுது?" என்றார். பள்ளத்தாக்கு முழுவதும் கழுவி வைத்தது போல வெளித்திருந்தது. "பனிங்க, ஒன்னும் தெரியல" என்றேன். வாய் திறந்தால் மற்றதும் வந்துவிடும் என்ற பயம். ரத்தோட்டை வரும் வரை அவர் இன்னும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் பனி என்றேன்.

அந்த வருடக் கடைசியில் அவர் காலமானார். இப்போது அவருடைய மகனுக்குக் கார் ஓட்டுகிறேன். அறியாமல் திசை மாறினால் இறைவன் குற்றம் பிடிக்க மாட்டான் என்று கடைக்கு வரும் மௌலவி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அது ஹாஜியாருக்குச் சரி. நான் அறிந்தல்லவா இருந்தேன்? வெளியூர்ப் பயணத்தில் மகன் போனில் திசை பார்த்து அந்த விரிப்பை விரிக்கும்போது, டயரைப் பார்க்கிற மாதிரி காரின் மறுபக்கம் போய்விடுவேன்.

மலைக்குப் போய் வந்த மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்குக் கடை திறந்தோம். கராம்பு கொண்டு வந்தவரிடம் ஹாஜியார், "நேத்து மலைக்கு மேல தொழுதேன். கிப்லா காட்டினது எங்கட ஆள்தான்" என்று சொல்லி, நான் நின்ற பக்கம் கையைக் காட்டினார். நான் கராம்பை நிறுத்தேன். பன்னிரண்டரை கிலோ இருந்தது.